எனக்கு எதிரான வாட்ஸ்அப் செய்தியையும் கோர்ட்டில் கொடுக்க வேண்டுமா?

வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், நிறுவன விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இவர் சிறிய வார்ப்பாலை நடத்துகிறார். பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு, பீஸ் 1,000 ரூபாய் வீதம், நான்கு லாட்டுகளாக 4,680 காஸ்டிங் (வார்ப்புப் பாகம்) அனுப்பியிருக்கிறார். வரவேண்டியது 46,80,000 ரூபாய். கடைசி லாட் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் வரை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. அதன்பின் “நான்கு லாட்டிலும் ப்ளோஹோல்” (வார்ப்பில் காற்று சிக்கி விழும் துளை) என்று, 21,00,000 ரூபாயைக் கழித்துக்கொள்வதாக டெபிட் நோட் வந்தது. மிச்சப் பணமும் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட வக்கீல் தயாராகிவிட்டார். கையெழுத்துப் போடச் சொல்லி அவர் நீட்டிய ‘உண்மை உறுதிமொழி’யைப் படித்துவிட்டுத்தான் இவர் பேனாவைக் கீழே வைத்திருக்கிறார். தன்னிடம் உள்ள எல்லா ஆவணங்களையும் வெளிப்படுத்திவிட்டதாகவும், வேறு எதுவும் இல்லை என்றும் அதில் சத்தியம் செய்ய வேண்டும்.

இவரை உறுத்துவது இரண்டு ஆவணங்கள். ஒன்று, ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் மூன்றாவது லாட்டின்போது சூப்பர்வைசர் போட்ட செய்தி: “மூணாவது லாட்ல ப்ளோஹோல் தெரியுது. 40 பீஸ் தனியா எடுத்து வெச்சிருக்கேன். மீதிய அனுப்பிடலாமா?” அதற்கு இவர் போட்ட பதில்: “அனுப்பு, அவங்க பார்த்துக்குவாங்க.” இன்னொன்று, டெபிட் நோட் வந்த மறுவாரம் இவரே ஒரு பரிசோதனைக் கூடத்தில் எடுத்த அறிக்கை. கொடுத்த ஆறு மாதிரிகளில் இரண்டில் குறை இருப்பதாக அது சொல்கிறது.

கேள்விகள் இவை. எனக்குப் பாதகமானதை நானே ஏன் கொடுக்க வேண்டும்? எதிர்த்தரப்பின் இ-மெயில் சர்வரையே கேட்டு வாங்க முடியுமா? பதிலுக்கு அவர்கள் என் அடக்கவிலைக் கணக்கையும் வாடிக்கையாளர் பட்டியலையும் கேட்பார்களா? அப்பா காலத்து வழக்கில் சாட்சி விசாரணையின்போதுதான் ஆவணம் போட்டோம், இப்போது மட்டும் ஏன் இந்த அவசரம்? சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போய்விட்டார், என் போனும் பழசாகிவிட்டது, மாற்றிவிடலாமா?

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் மட்டும் காத்திருக்க நேரமில்லை. போனை மாற்றாதீர்கள். குழுவை அழிக்காதீர்கள். அதில் ‘மறையும் செய்திகள்’ வசதி இயங்கிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஓர் ஆவணமோ மின்னணுப் பதிவோ நீதிமன்றத்தில் சான்றாகக் கூடாது என்ற நோக்கத்தோடு அதை அழிப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் (இன்றைய குற்றத் தண்டனைச் சட்டம்) 241-வது பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அழித்துப் பயனில்லை. அந்தச் செய்தி குழுவில் இருந்த ஒவ்வொருவர் போனிலும் இருக்கிறது. வேலையை விட்டுப் போனவர் போனிலும் இருக்கிறது.

இனி உங்கள் உண்மையான கவலைக்கு வருவோம்.

எதுவரை கொடுக்க வேண்டும்?

உங்கள் கடிதம் முழுக்க ஒரு நம்பிக்கை ஓடுகிறது: ‘என் வழக்கை நிரூபிக்க எது தேவையோ அதைக் கொடுத்தால் போதும்.’ சாதாரண சிவில் வழக்கில் வாதியின் பொறுப்பு பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. தான் நம்பும் ஆவணத்தை அவர் தாக்கல் செய்வார். எதிர்த்தரப்பிடம் இருப்பது வேண்டுமென்றால் அதற்கு மனுப் போடுவார். வணிக வழக்குகளில் 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம் இதை மாற்றிவிட்டது. உங்கள் தகராறு சரக்கு விற்பனை தொடர்பானது. தொகையும் 3 லட்சத்துக்கு மேல். 2018 திருத்தத்துக்குப் பிறகு 3 லட்சம்தான் குறைந்தபட்ச மதிப்பு. ஆகவே இந்தச் சட்டம் திருத்தி எழுதிய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11-வது கட்டளை உங்களுக்குப் பொருந்தும்.

அதன் முதல் விதி வாதியிடம் இரண்டு வகை ஆவணங்களைக் கேட்கிறது. வழக்குரையில் நீங்கள் குறிப்பிட்டு நம்பும் ஆவணங்கள் ஒரு வகை. இரண்டாவது வகை, வழக்கில் எழும் எந்தவொரு பிரச்சினையையும் பற்றி, வழக்குத் தாக்கல் செய்யும் நாளில் உங்கள் கைவசமோ கட்டுப்பாட்டிலோ உள்ள ஆவணங்கள். ‘அவை வாதிக்குச் சாதகமா, பாதகமா என்பதைப் பொருட்படுத்தாமல்’ என்று விதியே சொல்கிறது. இதில் வக்கீல் இஷ்டம்போல் பொருள் கொள்ள இடமில்லை.

ஆகவே உங்கள் வக்கீல் அதீத எச்சரிக்கை காட்டவில்லை. தன் கடமையைச் செய்கிறார். உறுதிமொழியில் விழப்போவது உங்கள் கையெழுத்து, அவருடையது அல்ல. பொய் என்று தெரிந்தே சத்தியம் செய்தால் அது நீதிமன்றத்தில் பொய்ச்சான்று. சன்ஹிதாவின் 229-வது பிரிவு ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை சொல்கிறது. இப்படிப்பட்ட குற்ற நடவடிக்கையை நீதிமன்றங்கள் அடிக்கடி தொடங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் மறைத்தது தெரியவந்தால், வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ வெளிப்படுத்தாத தரப்பின்மீது கடுமையான செலவுத்தொகை விதிக்க 11-வது கட்டளையின் 3-வது விதி தனி அதிகாரம் தருகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, நீதிபதி உங்களை நம்பாமல் போவது. அதன்பின் நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளுக்கும் மதிப்புக் குறைந்துவிடும்.

சில வக்கீல்கள் இந்த இடத்தில் ஒரு வாதம் சொல்வதுண்டு. பிரதிவாதி பின்னால் எடுக்கும் வாதத்துக்குப் பதிலாக வாதி காட்டும் ஆவணங்களை முதலிலேயே தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்று விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. ‘குறை என்பது பிரதிவாதியின் வாதம்தானே, அவர் சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். இதை நம்பாதீர்கள். அந்த விலக்கு, பதில் சொல்ல நீங்கள் கொண்டுவரும் ஆவணங்களுக்கானது. உங்களுக்கு எதிரானதை ஒளித்துவைக்க அதில் வழியில்லை. தவிர, டெபிட் நோட் வழக்குக்கு முன்பே வந்துவிட்டது. சரக்கில் குறை இருந்ததா என்ற பிரச்சினை வழக்குரை எழுதும் நாளிலேயே உயிரோடு இருக்கிறது.

அதே நேரம், ‘எல்லா ஆவணமும்’ என்றால் ஆலையில் உள்ள எல்லாக் காகிதமும் என்று பயப்பட வேண்டாம். வழக்கில் எழும் பிரச்சினை எது என்பதுதான் எல்லைக்கோடு. அந்தக் கோட்டைப் பெரும்பாலும் நீங்களே உங்கள் வழக்குரையில் போடுகிறீர்கள். ‘பிரச்சினை தொடர்பான ஆவணம்’ என்பதற்கு இங்கிலாந்து நீதிமன்றம் 1882-இல் பெருவியன் குவானோ வழக்கில் மிக விரிந்த பொருள் கொடுத்தது. தானே நேரடிச் சான்றாக இல்லாவிட்டாலும், ஒரு விசாரணைத் தடத்துக்கு இட்டுச்செல்லக்கூடிய ஆவணமும் அதில் அடங்கும் என்றது. நம் சட்டத்தின் சொற்கள் அந்த மரபிலிருந்து வந்தவை. ஆனால் வணிக நீதிமன்றத்தின் காலக்கெடுக்கள் மிக இறுக்கமானவை. விசாரணைத் தடங்களைத் தேடிக்கொண்டே போக அவை இடம் தருவதில்லை. நடைமுறையில், குறிப்பிட்ட பிரச்சினையோடு நேரடித் தொடர்பைக் காட்டினால்தான் நீதிமன்றம் அசைந்துகொடுக்கும்.

உங்கள் வழக்கில் பிரச்சினைகள் நான்கு: எவ்வளவு சரக்கு போனது, அதன் தரம் ஒப்பந்தப்படி இருந்ததா, வாங்கியவர் நியாயமான காலத்துக்குள் நிராகரித்தாரா, எவ்வளவு பாக்கி. கொள்முதல் ஆர்டர், வரைபடம், இன்வாய்ஸ், இ-வே பில், ஆலையின் பரிசோதனைச் சான்று, பேரேடு, இந்த நான்கு லாட்டுகளைப் பற்றிய மெயில்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாம் உள்ளே வரும். வேறு வாடிக்கையாளருக்கு அனுப்பிய சரக்கின் ஆவணங்கள் வராது.

‘கைவசம்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். விதி கைவசத்தோடு நிற்கவில்லை. கட்டுப்பாடு, அதிகாரம் என்றும் சொல்கிறது. உங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கும் கோப்பு, கணக்காளர் தன் சொந்த ஜிமெயிலில் இருந்து உங்களுக்காக அனுப்பிய மெயில் இரண்டும் நீங்கள் கேட்டால் கிடைக்கக்கூடியவை. ஆகவே அவையும் கணக்கில் சேரும்.

அந்தச் செய்தியை வைத்து என்ன செய்வது?

செய்தியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பயத்தில் அதன் பாதியை மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். “அவங்க பார்த்துக்குவாங்க” என்ற பதில் உங்களைக் குத்தும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே செய்தி வேறு சிலவற்றையும் சொல்கிறது. உங்கள் ஆலையில் அனுப்பும் முன் சோதனை நடக்கிறது. குறை தெரிந்த 40 பீஸ் தனியே எடுக்கப்பட்டது. குறை பற்றிய பேச்சு மூன்றாவது லாட்டில் மட்டும்தான் வந்திருக்கிறது. நீங்கள் இணைத்துள்ள கணக்கின்படி முதல் இரண்டு லாட்டில் தலா 1,200, மூன்றாவதில் 1,160, நான்காவதில் 1,120. மூன்றாவது லாட்டில் 40 குறைந்ததற்குக் காரணம் அந்தச் செய்தியில்தான் இருக்கிறது. நான்கு லாட்டிலும் குறை என்று சொல்லும் டெபிட் நோட்டுக்கு எதிராக, குறை அதிகபட்சம் 11,60,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு லாட்டோடு நிற்கிறது என்று காட்ட உங்களிடம் இருக்கும் நல்ல ஆவணம் இதுவே.

ஆகவே அந்த ஒரு செய்தியை மட்டும் வெட்டிக் கொடுக்காமல், மற்ற மூன்று லாட்டுகள் அனுப்பிய நாள்களின் உரையாடலையும் சேர்த்து முழுதாகக் கொடுங்கள். வழக்குரையிலேயே ஒரு பத்தியில் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்: மூன்றாவது லாட்டில் சோதனை நடந்தது, 40 பீஸ் நீக்கப்பட்டது, மீதி அனுப்பப்பட்டது, வாங்கியவர் ஐந்து மாதம் எந்த ஆட்சேபமும் சொல்லவில்லை. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-வது பிரிவின்படி, நியாயமான காலம் கடந்த பிறகும் நிராகரிப்பைத் தெரிவிக்காமல் சரக்கை வைத்துக்கொண்டவர் அதை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார். ஏற்றுக்கொண்ட பிறகும் தரக்குறைவுக்காக விலையில் கழிவு கேட்க 59-வது பிரிவு வழிவிடுகிறது. அதனால் மூன்றாவது லாட்டில் உங்களுக்குக் கொஞ்சம் இழப்பு வரலாம். அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உங்களுக்கு இரண்டு வழிகள். முழுத் தொகைக்கும் வழக்குப் போட்டு, மூன்றாவது லாட்டைப் பற்றிச் சாட்சியத்தில் போராடலாம். அல்லது வழக்குக்கு முந்தைய சமரசத்தின்போது அந்த லாட்டில் ஒரு கழிவுக்குச் சம்மதித்து, மீதியை உடனே கேட்கலாம். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வணிக வழக்கில் வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12-ஏ பிரிவின்படி இந்தச் சமரச முயற்சி கட்டாயம். அதைத் தாண்டி வந்த வழக்குரையை நிராகரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் சொல்லிவிட்டது. சமரசத்துக்கு எடுத்துக்கொள்ளும் நாள்கள் மூன்றாண்டுக் காலவரையறையில் கழிக்கப்படும். நான் இரண்டாவது வழியின் பக்கம் சாய்கிறேன். சமரசத்தில் பேசியது வெளியே போகாது. ஆனால் அங்கே காட்டிவிட்டதால் ஏற்கெனவே உள்ள ஓர் ஆவணத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

பரிசோதனை அறிக்கையின் நிலை வேறு. வக்கீலிடம் ஆலோசனைக்காக நீங்கள் எழுதியவை, அவர் உங்களுக்கு எழுதியவை ஆகியவற்றைப் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (இன்றைய சாட்சியச் சட்டம்) 132, 134-வது பிரிவுகள் காக்கின்றன. வழக்கு நடத்துவதற்காக வக்கீல் கேட்டு வாங்கிய அறிக்கை என்றால் அந்தப் பாதுகாப்பைக் கோரிப் பார்க்க இடமுண்டு. உங்கள் அறிக்கையோ வக்கீலைப் பார்ப்பதற்கு முன், நீங்களாகவே, உண்மை என்ன என்று தெரிந்துகொள்ள எடுத்தது. அதை இப்போது வக்கீலுக்கு மெயிலில் அனுப்பினாலும் அது ரகசிய ஆவணமாகாது. ஆடிட்டரோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அறிக்கையைக் கொடுங்கள், ஆனால் அந்த ஆறு மாதிரிகள் எந்த லாட்டில் இருந்து எடுத்தவை என்பதைக் கூடத்தின் பதிவேட்டில் முதலில் சரிபாருங்கள். தனியே எடுத்து வைத்த 40 பீஸில் இருந்து போயிருந்தால், அறிக்கை சொல்வது அனுப்பாத சரக்கைப் பற்றி. இது ஒரு நாள் வேலை. முடிவையே மாற்றக்கூடிய வேலையும்கூட.

எதிர்த்தரப்பிடம் என்ன கேட்கலாம்?

சர்வரைக் கேட்க முடியாது. அமெரிக்க வழக்குகளில் எதிர்த்தரப்பின் மெயில் குவியலைத் தேடுவதையும், வழக்கு விசாரணைக்கு முன்பே சாட்சிகளை வக்கீல் அலுவலகத்தில் வைத்து விசாரிப்பதையும் படித்துவிட்டு இந்தக் கேள்வி எழுந்திருக்கலாம். அந்த முறை இங்கே இல்லை. ஏதாவது மாட்டுமா என்று வலைவீசும் மனுவை நம் நீதிமன்றங்கள் தள்ளிவிடும்.

இங்கே உள்ள வழி, எதிர்த்தரப்பிடம் இருப்பதாக நீங்கள் நம்பும் ஆவணங்களின் விவரத்தை வழக்குரையிலேயே சொல்லி, அவற்றைக் கொண்டுவர உத்தரவு கேட்பது. பலர் இந்தப் பத்தியை “தரம் தொடர்பான எல்லா ஆவணங்களும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வாய்ப்பை வீணாக்குகிறார்கள். சரக்கைப் பெற்றதற்கு அவர்கள் தந்து உங்களிடம் உள்ள சரக்கு வரவுச் சீட்டுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பியிருக்கும் நகலில் கடைசி வரியில் ‘இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எண்’ என்ற கட்டமும், அதில் பேனாவால் எழுதிய எண்ணும் தெரிகிறது. அந்த அறிக்கை இருக்கிறது என்பதற்கு அவர்களுடைய கையெழுத்தே சாட்சி. கேட்க வேண்டியது இப்படி:

நான்கு வரவுச் சீட்டுகளிலும் குறிக்கப்பட்ட எண்ணுள்ள உள்வரவுப் பரிசோதனை அறிக்கைகள்.

முதல் லாட் போன நாள் முதல் டெபிட் நோட் தேதி வரை, இந்தப் பாகத்தைப் பற்றி அவர்களுடைய தரப் பிரிவும் கொள்முதல் பிரிவும் எழுதிக்கொண்ட மெயில்கள்.

இந்த லாட்டுகளில் எத்தனை பீஸ் எந்திர வேலைக்குப் போனது, எத்தனை கழிந்தது என்று காட்டும் பதிவேடு.

கழிந்ததாகச் சொல்லும் பீஸ்கள் இப்போது எங்கே? பழைய இரும்பாக விற்றிருந்தால் அந்த இன்வாய்ஸ், திருப்பி அனுப்பியிருந்தால் அந்த டெலிவரி சலான்.

21,00,000 என்ற தொகை எப்படி வந்தது என்பதற்கான கணக்குத் தாள்.

கடைசி இரண்டையும் விடாமல் கேளுங்கள். சரக்கு உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால் அது எங்காவது போயிருக்க வேண்டும். கழிவு இரும்பு விற்ற பில்லும் இல்லை, திருப்பிய சலானும் இல்லை என்றால் அந்தப் பீஸ்கள் பம்பாகி விற்றுப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அவர்கள் எதிர்வழக்குரையோடு இவற்றைக் கொடுக்கவில்லை என்றால், 5-வது விதியின்படி ஆவணத்தைக் கொண்டுவர நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொண்டுவரவோ, இயலாததற்குக் காரணம் சொல்லவோ அவர்களுக்கு 7 நாளுக்குக் குறையாமலும் 15 நாளுக்கு மேற்படாமலும் அவகாசம் கிடைக்கும். போதிய காரணம் இல்லாமல் மறுத்தால் நீதிமன்றம் அவர்களுக்குப் பாதகமாக அனுமானம் செய்யலாம். ‘லாம்’ என்பதைக் கவனியுங்கள். அது தானாக வராது. ஆவணம் இருந்தது, கேட்டோம், தரவில்லை என்ற மூன்றையும் நீங்கள் காட்ட வேண்டும். அதற்காகத்தான் அந்த எண் எழுதிய கட்டத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன். ஆவணம் யாரிடம் இருக்கிறது என்பதே தெளிவில்லாதபோது, 2-வது விதியின்படி நீதிமன்ற அனுமதியோடு எழுத்து வினாக்கள் அனுப்பலாம். அவர்கள் 10 நாளில் பிரமாணப் பத்திரத்தில் பதில் சொல்ல வேண்டும்.

5-வது விதி வழக்கில் இல்லாத மூன்றாம் நபரிடமும் செல்லும். உங்கள் லாரி டிரான்ஸ்போர்ட்காரரிடம் சரக்கு இறக்கியதற்கான சீட்டின் நகல் இருந்தால் அதையும் வரவழைக்கலாம்.

அடக்கவிலையும் வாடிக்கையாளர் பட்டியலும்

இந்தப் பயம் உங்கள் கையில்தான் இருக்கிறது. விலை ஒப்பந்தத்தில் முடிவான ஒன்று. பாக்கித் தொகையும் வட்டியும் மட்டும் கேட்டால் உங்கள் அடக்கவிலை வழக்கில் பிரச்சினையே இல்லை, கேட்டாலும் மறுக்கலாம். ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ‘இந்த ஆர்டர் நின்றுபோனதால் 18 லட்சம் லாபம் போச்சு, அதையும் சேர்க்கச் சொல்லியிருக்கேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சேர்த்த மறுநிமிடம் உங்கள் லாப விகிதம் வழக்கின் பிரச்சினையாகிவிடும். மூலப்பொருள் செலவு, மின்கட்டணம், மற்ற வாடிக்கையாளருக்கு நீங்கள் விற்ற விலை, ஆர்டர் நின்றபின் அந்த உலையை வேறு யாருக்காக ஓட்டினீர்கள் என்பது வரை எல்லாவற்றையும் கேட்க அவர்களுக்கு உரிமை வந்துவிடும். அந்த 18 லட்சத்தை நிரூபிப்பதும் எளிதல்ல. என் கருத்து, அந்தக் கோரிக்கையை விட்டுவிடுங்கள்.

அப்படியும் சேர்த்தே தீருவேன் என்றால், ‘தொழில் ரகசியம்’ என்ற ஒரு வார்த்தை உங்களைக் காக்காது. அது ஆவணத்தை மறுக்கக் காரணமாவதில்லை. எப்படிக் காட்டுவது என்பதை மாற்ற மட்டும் உதவும். தொடர்பில்லாத பெயர்களையும் எண்களையும் மறைத்த நகல் கொடுக்கவும், வக்கீல்கள் மட்டும் பார்க்கும்படி மூடிய உறையில் தாக்கல் செய்யவும் அனுமதி கேட்கலாம். அனுமதி வாங்கும் முன் நீங்களாகக் கருப்பு மை பூசிக் கொடுக்காதீர்கள். அதுவே மறைப்பாகப் பார்க்கப்படும்.

பிறகு போட்டால் என்ன?

அப்பா காலத்து நடைமுறை இப்போது உங்களுக்கு இல்லை. கைவசம் இருந்தும் வழக்குரையோடு கொடுக்காத ஆவணத்தை வாதி பின்னால் நம்ப முடியாது. நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதிக்கு, முதலில் கொடுக்காததற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். ‘கோப்பில் கிடந்தது, கவனிக்கவில்லை’ என்பது எளிதில் எடுபடாது. வழக்கு போட்ட பிறகு புதிதாகக் கிடைத்த ஆவணத்துக்கு இந்த இறுக்கம் அதே அளவில் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சுதிர் குமார் வழக்கில் விளக்கியிருக்கிறது. அவசரமாகத் தாக்கல் செய்ய நேர்ந்தால், உறுதிமொழியிலேயே அனுமதி கேட்டு, 30 நாளுக்குள் கூடுதல் ஆவணம் போடலாம். உங்களுக்கு அப்படிப்பட்ட அவசரம் இல்லை. பின்னால் கவனத்துக்கு வரும் ஆவணத்தை வெளிப்படுத்தும் கடமை வழக்கு முடியும் வரை தொடரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தாக்கலுக்குப் பிறகு காலம் வேகமாக ஓடும். எதிர்வழக்குரைக்கு 30 நாள். நீதிமன்றம் அனுமதித்தாலும் சம்மன் சார்வான நாளிலிருந்து 120 நாளுக்கு மேல் கிடையாது. அதன்பின் 30 நாளுக்குள் ஆவணங்களைப் பார்வையிட்டு முடிக்க வேண்டும். நீட்டித்தால் இன்னொரு 30 நாள், அவ்வளவுதான். பார்வையிட்டு முடித்த 15 நாளில் ஒவ்வோர் ஆவணத்தையும் ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று காரணத்தோடு எழுதித் தர வேண்டும். ‘மறுக்கிறேன்’ என்ற ஒற்றைச் சொல் மறுப்பாகவே கொள்ளப்படாது. அவர்கள் உங்கள் வரவுச் சீட்டுகளை அப்படி மொட்டையாக மறுத்தால், அவற்றை நிரூபிக்கும் பாரமே உங்களுக்கு இல்லாமல் போகலாம்.

பட்டியல் தயாரிப்பில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அது அசலா, அலுவலக நகலா, போட்டோகாப்பியா என்பதும், யார் யாருக்குக் கொடுத்தது, எப்படிக் கைக்கு வந்தது, இதுவரை யாரிடம் இருந்தது என்பதும் வேண்டும். ஒரு வரி இப்படி இருக்கும்: ‘மூன்றாவது லாட் சரக்கு வரவுச் சீட்டு, போட்டோகாப்பி; பிரதிவாதியின் ஸ்டோரில் முத்திரையிட்டு லாரி ஓட்டுநர் கையில் கொடுத்தது; ஓட்டுநரிடமிருந்து கணக்காளர் பெற்று இன்வாய்ஸ் கோப்பில் வைத்தது; அசல் பிரதிவாதியிடம்.’ இன்வாய்ஸ்கள் நிறைய என்பதற்காக ‘இன்வாய்ஸ் கட்டு ஒன்று’ என்று எழுதிவிட்டால், பின்னால் ஒரு பில் விடுபட்டது தெரியும்போது பதில் சொல்ல முடியாது.

வாட்ஸ்அப்புக்கும் மெயிலுக்கும் அச்சுப் பிரதி போதும். ஆனால் அவை எந்தப் போனில் இருந்தவை, எந்த எண், யார் பயன்பாட்டில் இருந்தது, எந்தத் தேதி எத்தனை மணிக்கு அச்செடுத்தது, சாதனம் ஒழுங்காக இயங்கியதா என்பதையெல்லாம் உறுதிமொழியில் சொல்ல வேண்டும். சான்றாக ஏற்பதற்கு அதிநியமத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அதில் இரண்டு பகுதிகள்: முதல் பகுதி உங்கள் கையெழுத்தில், இரண்டாவது நிபுணர் கையெழுத்தில். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) குறிக்க வேண்டும். எனவே உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்த அன்றே ஹாஷ் எடுத்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு போனை விற்பவர்கள், எதிர்த்தரப்பு மெட்டாடேட்டா (செய்தி எப்போது, எங்கிருந்து வந்தது போன்ற உள்விவரம்) கேட்கும்போது திணறுகிறார்கள். நீதிமன்றம் அதையும் கேட்கலாம் என்று 6-வது விதி சொல்கிறது.

சூப்பர்வைசரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரிடம் பேசலாம், அன்று என்ன நடந்தது, 40 பீஸை எப்படிப் பிரித்தார், மீதியை எந்த அளவில் சோதித்தார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள், போனில் இருப்பதை அழிக்கும்படியும் கேட்காதீர்கள். அவரை நீங்கள் சாட்சியாக அழைக்காவிட்டால் அவர்கள் அழைக்கக்கூடும். அன்று அவர் கூண்டில் ஏறி, உங்களிடமிருந்து கடைசியாக வந்த அழைப்பில் என்ன பேசினீர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும்.